முருகனுக்குப் போன இரண்டு நிமிடம்

அன்பு மனைவி குணத்துக்கு,

"அறுபத்தாறு வயதில ஆரை முந்த ஓடுறியள்?" என்று தொலைபேசியில் கேட்டீரே. போன வருடம் ஓடிய உமது சண்முகநாதனைத்தான். நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கும், முந்தச் சொல்லிப் போன தவணைப் புள்ளியைத்தானே காட்டுவேன்.

சுகமாக இருக்கிறேன். உமது முழங்கால் எப்படி?

ஞாயிறன்று இங்கே இலண்டனில் இருபத்தொரு கிலோமீற்றர் ஓடினேன். கடைசிப் பகுதியில் ஒரு முருகன் கோவில் வாசல் வந்தது. எங்கள் ஊர் இணுவில் பழக்கத்தில் நின்று, சப்பாத்தைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டேன். விறைத்த விரலால் மறுபடி நாடா கட்டி முடிக்க இரண்டு நிமிடம் போயிற்று. போன வருடத்து நேரத்தை ஒரு நிமிடத்தால் தவறவிட்டேன்.

"மாஸ்ரர், முருகனிட்டைத் திருப்பிக் கேளுங்கோ!" என்று என்னோடு தமிழ் படிப்பிக்கும் குகதாசன் சிரித்தார்.

அறையில் சொல்ல ஆளில்லை. அதனால் உமக்கு எழுதுகிறேன். நான் கும்பிட்டது உமது முழங்காலுக்காக. கடிதம் கிடைத்த மறுநாள் காலை எங்கள் ஊர்க் கந்தசுவாமி கோவில்வரை மெல்ல நடந்து பாரும். எத்தனை நிமிடம் என்று எழுதும்.

உமது,
சண்முகநாதன்