நேரலையில் உட்காராத ஒன்பதாம் வகுப்பு

என் பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் திருநெல்வேலியில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குப் போயிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே மேக்கப் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த பெண் என் இடது கன்னத்தில் பவுடரை அப்பி முடித்த பிறகுதான், "நீங்கதான போக்குவரத்து அதிகாரி?" என்று கேட்டாள். "இல்லம்மா, தமிழ் வாத்தியார்" என்றேன். பஞ்சை அப்படியே கீழே வைத்துவிட்டாள். வலது கன்னம் சொந்த நிறத்திலேயே நின்றுபோனது.

எதற்குப் போனேன் என்கிறீர்களா? நம் பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை நேரலை நிகழ்ச்சி ஒன்றுக்குப் பார்வையாளர்களாகக் கூப்பிட்டிருந்தார்கள். விருந்தினர், அந்தப் போக்குவரத்து அதிகாரி. கேட்டதும் உங்கள் ஞாபகம்தான். பள்ளி வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்று பதினொரு மனு எழுதி, 'மனு வாத்தியார்' என்று பேர் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தவரல்லவா நீங்கள்! பிள்ளைகள் இன்னும் முக்கூடல் பஸ்ஸில் வந்து, பாலத்தில் இறங்கி, அரை மணி நேரம் வெயிலில் நடந்துதான் வந்தார்கள். அதற்கு முந்தின வாரம்கூட ஒருத்தி காலை வணக்கத்தில் மயங்கி விழுந்தாள். இந்தத் தடவை நேருக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று வகுப்பில் பேச்சியம்மாள் என்ற பிள்ளையைத் தயார் செய்து கூட்டிப்போனேன்.

அங்கே போனால், கேள்விகளைச் சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். "உங்கள் பணியில் மறக்க முடியாத அனுபவம் எது?" என்பது பேச்சியம்மாளுக்கு வந்த சீட்டு. "வேற எதுவும் கேக்கப்படாது சார்" என்றான் காதில் கருவி மாட்டியிருந்த தம்பி. நான் உடனே தலையாட்டினேன். நீங்களாக இருந்தால் ஆட்டியிருப்பீர்களா?

மற்றபடி, அத்தான், அது வேடிக்கையான இடம். செடி பிளாஸ்டிக். செங்கல் சுவர் வெறும் படம். தொகுப்பாளருக்கு மேலே கோட்டு, மேசைக்கு அடியில் ரப்பர் செருப்பு. அந்தத் தம்பி கையை உயர்த்தினால் கைதட்ட வேண்டும், தாழ்த்தினால் நிறுத்த வேண்டும். மூன்று தடவை ஒத்திகை.

"ஆளே இல்லாத மேடைக்கு எதுக்கு சார் கை தட்டுதோம்?" என்றாள் பேச்சியம்மாள்.

எனக்கும் அது இன்றுவரை விளங்கவில்லை. உங்களுக்கு?

நிகழ்ச்சி தொடங்கியது. அதிகாரி உள்ளே வந்தார். நம் பிள்ளைகள் வளர்ப்பு உங்களுக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு பேரும் ஒரே எழும்பலாக எழுந்து, "வ...ண...க்...க...ம் ஐயா!" என்று ராகம் இழுத்தார்கள். வந்தவர் "உட்காருங்க" என்று சொல்லும்வரை நம் பள்ளியில் யாரும் உட்கார மாட்டார்கள். அவருக்கு அது தெரியவில்லை. சிரித்துவிட்டு, அவர்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலிருந்த கேமராக்காரருக்கு ரெட்டைச் சடையும் ரிப்பனும்தான் தெரிந்தன. காதுக் கருவித் தம்பி கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான். கைதட்டத்தான் வேண்டாம் என்கிறார் போல என்று பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். "ஏட்டி, உக்காருங்கட்டி!" என்று நான் முன் வரிசையிலிருந்து பின்னால் திரும்பிக் கிசுகிசுத்தது யார் காதிலும் விழவில்லை.

அதிகாரிக்கு வியர்த்தது. "என்னம்மா, எல்லாரும் நிக்கிறீங்க? ஏதாவது போராட்டமா? கோரிக்கை இருந்தா சொல்லுங்க."

பேச்சியம்மாள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஸ்கூல் வாசல்ல பஸ் நிக்க மாட்டேங்கு சார். பாலத்துல எறங்கி நடக்கோம். போன வாரம் இசக்கியம்மா மயங்கி விழுந்துட்டா."

ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் என்ன செய்வார்? "திங்கட்கிழமையிலிருந்து நிக்கும். தயவுசெஞ்சு உட்காருங்க" என்றார். "நன்றி ஐயா!" என்று முப்பத்திரண்டு பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அதுவரை மறைந்திருந்த என் முகம் அப்போதுதான் திரையில் வந்ததாம். அக்கா போன் செய்தாள்: "பிள்ள நல்லா பேசிட்டா. ஒம் மூஞ்சி ஏம்லே ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கு?"

வேனில் வரும்போது பேச்சியம்மாளிடம், "எப்படிட்டி தைரியம் வந்தது?" என்று கேட்டேன். "அவரு கேட்டாரு, சொன்னேன் சார்" என்றாள். அத்தான், பதினொரு மனு எழுதினீர்களே, ஒரு தடவையாவது அந்த ஆபீசில் போய் உட்காராமல் நின்று பார்த்தீர்களா?

திங்கட்கிழமை பஸ் நின்றது. பிள்ளைகள் வாசலிலேயே இறங்கினார்கள். தலைமையாசிரியை அழுதேவிட்டார். அன்று முதல் ஊரில் என் நடையே வேறு.

அந்த பஸ் ஒரு நாள் நிற்காமல் போனாலும், பன்னிரண்டாவது மனுவை நானே எழுதி, கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பேன். இது சத்தியம்.

உங்களிடம் இன்னும் ஏச்சு வாங்க ஆசைப்படும்,
ஒரே மச்சினன்.

பி.கு. நேற்று அந்த முக்கூடல் பஸ் டிரைவரிடம், "நிகழ்ச்சி பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "என்ன நிகழ்ச்சி? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே வே" என்றார். "ஒங்க ஸ்கூலுக்கு எதுத்தாப்புல புதுசா டீக்கடை போட்டிருக்காம்லா? உளுந்த வடை நல்லாருக்கு. அதான் நிறுத்துதேன்."