எட்டு மணி மிட்டாய்

நேத்து சாயங்காலம் நாலு பத்துக்கு, லிஃப்ட் மோட்டாரைக் கழட்டிட்டிருந்தப்ப, உங்க பொண்ணைப் பாத்துக்கிட்ட மனநல வார்டு நர்ஸ் போன்ல கூப்பிட்டாங்க அத்தை. பதறாதீங்க, நல்ல சேதிதான். உங்க முழங்கால், மாமாவோட இருமல் எல்லாம் தேவலையா?

அங்க ஒருத்தரோட மனைவி மாத்திரையைத் துப்பிடறாங்களாம். "உங்க வீட்டுக்காரம்மாவை எப்படிச் சாப்பிட வச்சீங்க? வந்து சொல்லுங்க"ன்னாங்க. போனேன். உங்க பொண்ணு மாத்திரை போடறப்ப நானும் ஒரு புதினா மிட்டாய் போட்டுக்குவேன்னு அந்த மனுஷர்கிட்ட சொன்னேன். "உனக்கென்ன வியாதி?"ன்னு அவ கேப்பா. "உன்னைக் கட்டிக்கிட்டதுதான்"னுவேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. இன்னைக்கு அந்தம்மா முழுங்கிட்டாங்களாம்!

நேத்து ராத்திரிக்கு ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, என் மிட்டாய் பாக்கெட்டை அவர்கிட்டயே குடுத்துட்டேன். இங்க கிடைக்காது, ரெண்டு அனுப்புங்க அத்தை. காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகும் போன்ல ராத்திரி எட்டு மணி மாத்திரை அலாரத்தை நான் எடுக்கல. அடிச்சதும் ஒண்ணு வாயில போட்டுக்குவேன். இதை எழுதறப்ப எட்டாகப் போகுது. இன்னைக்குப் போட ஒண்ணுமில்ல. போனை அணைச்சுட்டேன்.