இரண்டரையும் இருபத்தேழும்

2006 மே 17, புதன்

விளக்கை எரியவிட்டுத் தங்கையின் தூக்கத்தைக் கெடுக்கிறேன், மன்னிக்கட்டும். பரீதாவைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு லென்ஸை நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்காக கிரெடிட் கார்ட் எடுக்க நினைத்தேன். இன்று கேகாலை அலுவலகத்துக்கு இரண்டு வங்கிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் வட்டி இரண்டரை என்றார். மற்றவர் இருபத்தேழு என்றார். எங்கள் தோட்டத்து லயத்தில் வட்டி என்றாலே மாதக் கணக்குத்தான். இருபத்தேழைக் கேட்டு மிரண்டு, இரண்டரைக்குக் கையெழுத்துப் போடப் போனேன்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த பரீதா பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மாத்தயா, இந்த ரெண்டரை மாசத்துக்கா, வருசத்துக்கா?"

"மாசத்துக்குத்தான் மிஸ்."

"அப்ப வருசத்துக்கு முப்பதுக்கு மேல போகுமே! அவரு சொன்ன இருபத்தேழு முழு வருசத்துக்கு. எது கொறவு?"

வங்கிக்காரர் சிரித்துவிட்டார். "மிஸ் எங்க பேங்குக்கே வேலைக்கு வந்திருங்க."

"வந்தா மொதல்ல ஒங்களத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்."

அதற்கும் வங்கிக்காரர் சிரித்தார். யார் மனமும் நோகாமல் பரீதா எப்படித்தான் கேட்கிறாரோ! கம்பஸில் படித்த காலம் முழுக்க நான் ஒரு கேள்விக்கும் கை தூக்கியதில்லை.

நாளை இருபத்தேழுக்காரரின் வங்கிக்குப் போய், தவணை தப்பினால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். பஸ் ஏறும்வரை பரீதாவோடுதான் நடந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

பரீதா, நாளைக்கு என்கூட வாங்க. நீங்க பேச வேணாம், நானே கேக்கிறேன். பக்கத்துல உக்காந்திருந்தா போதும்.