நான் குடிக்காமல் எழுந்த பாத்திரம்

என் பிரியமான ஞானம்,

நீ இப்போது இருக்கிற இடத்தில் யாரும் உன்னைக் கடைசியில் நிற்கச் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீ போய் ஐந்து மாதமாகிறது. நம் சபையாரும் இதை வாசிக்கட்டும்.

திருநெல்வேலிப் பக்கத்தில் உன் ஊரும் என் ஊரும் அடுத்தடுத்து. பம்பாய்த் தாராவியில் இரண்டு பேருக்கும் ஒரே குழாயடி. என் வீட்டுக்காரருக்குக் கிங்ஸ் சர்க்கிளில் பலசரக்குக் கடை. நீ டேனரியில் தோல் கழுவினாய். என் இரண்டாவது பிரசவத்தில், மழையில் ரயில் நின்றுபோன அன்று, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தவள் நீ. அப்போது உன் கையில் தோல் வாடை அடித்ததா? எனக்கு ஞாபகமே இல்லை.

கோயிலில் மட்டும் ஒரு வழக்கம். எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துக்குக் கடைக்காரக் குடும்பங்கள் முதலில் பீடத்தின் முன் முழங்காலிடுவோம். டேனரிக் குடும்பங்கள் சுவரோரம் நின்று, கடைசியில் வருவீர்கள். யாரும் எழுதிவைத்த சட்டமல்ல. ஊரிலிருந்து எங்கள் டிரங்குப் பெட்டிகளோடு வந்தது.

அந்த உயிர்த்தெழுந்த பண்டிகையன்று நீ முதல் வரிசையில் வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாய். பாதிரி ஐயர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பாத்திரத்தை உன் உதட்டில் வைத்தார். அடுத்தது நான். ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் இருமினார். அந்த இருமலின் அர்த்தம் எனக்குத் தெரியும். குடிக்காமல் எழுந்துவிட்டேன். என்னைப் பார்த்து அந்த வரிசையே எழுந்தது. நீ மட்டும் தலை நிமிராமல் இருந்தாய்.

மறுநாள் குழாயடியில் கேட்டேன்: "ஏட்டி ஞானம், ஏன் இப்படிப் பண்ணுனே?"

"காலு ஏலலக்கா. சுண்ணாம்புத் தண்ணில நின்னு நின்னு வெந்து போச்சு. அம்புட்டு நேரம் நிக்க முடியல." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாய்: "நீங்க ஏன் எந்திரிச்சீங்க?"

நான் என் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

சபைக் கமிட்டி கூடியது. சுகாதாரத்துக்காக ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் என்று முடிவானது. முன்மொழிந்தவர் என் வீட்டுக்காரர். சண்டையில்லாமல் காரியம் முடிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. அதன்பிறகு நீ கோயிலுக்கு வரவில்லை.

மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், வாயில் வந்ததோ, "கஞ்சி குடிச்சியா?" நீ லேசாகச் சிரித்து, "கிண்ணத்துல குடிச்சா ருசியா இருக்காக்கா?" என்றாய். கேலியா, ஞானம்? தெரிந்துகொள்ளத்தான் கேட்டாயா? அதைக் கேட்பதற்கு முன் நீ போய்விட்டாய்.

உன் அடக்க ஆராதனைக்குக் கோயில் நிரம்பியது. அன்று எழுந்து போனவர்களும் உன்னைப் புகழ்ந்தார்கள். உன்னோடு ஒரு பாத்திரத்தில் குடிக்காத நாங்கள் ஒரே குரலில் பாடினோம். சேர்ந்து பாடிவிட்டால் சபையாகிவிடுமா?

போன ஞாயிறு கிண்ணத் தட்டு என்னிடம் வந்தது. நான் எடுக்கவில்லை.

"ஐயா, எனக்குப் பாத்திரத்துல தாங்க."

"அது பெட்டிக்குள்ள இருக்கும்மா."

"எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

ஐயரே உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, துடைத்து, ரசத்தை ஊற்றினார். அப்போது சுவரோரத்திலிருந்து உன் மகள் லில்லி, கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள். "அவளுக்கு மொதல்ல குடுங்க" என்றேன். அவள் குடித்தாள். பிறகு நான் குடித்தேன். வேறு யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

நாலு நாளாக அவர் என்னோடு பேசவில்லை. விளக்கம் கேட்டுக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. லில்லியை டேனரிக்காரர்களே திட்டுகிறார்களாம், "இருக்குற நிம்மதியும் போச்சு" என்று. அவளை இதில் இழுத்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இதனால் நான் நல்லவளாகிவிடவும் இல்லை. நீ பார்க்கச் செய்திருக்க வேண்டியதை, நீ போன பிறகு செய்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், ஞானம். கமிட்டி முன்னால் போய் நிற்பேன். அன்று நான் ஏன் எழுந்தேன் என்று சொல்வேன். சுகாதாரம் என்று சொல்லமாட்டேன். சாதி என்றே சொல்வேன், அவர் இருமினாலும்.

உன் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அக்காள்,
எஸ்தர்