உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள்

அக்கா, கதவு மாட்டியாயிற்று.

சபை அலுவலகத்தை விரிவாக்கும் வேலை ஒருவழியாக முடிந்து, போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஆயர் ஜெபித்துத் திறந்து வைத்தார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தச்சர் கடைசிக் கீலை முடுக்கினார். இப்போது அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வார்னிஷ் வாசனை தலையைச் சுற்ற வைக்கிறது. ஜன்னலைத் திறந்தால் போய்விடும். திறக்கவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உங்கள் பழைய மேசைக்கு நீங்களே வார்னிஷ் அடிப்பீர்கள். ஜனவரி முடியும்வரை, சபைக் கிளார்க்காக உங்கள் கையெழுத்தில் போகிற ஒவ்வொரு கடிதத்திலும் இந்த வாசனை இருக்கும்.

பழைய அலுவலகத்தை இப்போது வந்து பார்த்தால் எங்கே இருந்தது என்றே தெரியாது. பத்துக்குப் பத்து. இரண்டு பீரோ, உங்கள் மேசை, ஒரு ஸ்டூல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள் சபை மாற்றுக் கடிதத்தோடு நிற்பார்கள். ஆராதனையில் வாசிக்கக் கல்யாண ஓலை எழுதிக் கொடுக்க வந்தவர், கல்லறைக்கு இடம் கேட்க வந்தவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வந்தவர், எல்லோரும் ஒரே வரிசை. ஒருவர் சொல்வதை எல்லோரும் கேட்கிற அறை அது. முன்னால் நிற்பவர் தகப்பன் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதே, பின்னால் நிற்பவர் அந்தக் குடும்பத்தின் கதையைத் தன் பங்குக்கு முடித்து வைத்துவிடுவார். நீங்கள் தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும், அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கன்னடத்திலும் பேசுவீர்கள். என்னிடம் தமிழில் திட்டுவீர்கள்.

அந்த அறையின் மின்விசிறி நினைவிருக்கிறதா? மூன்று இறக்கையிலும் கொடுத்தவர் பேரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். "கரண்ட் போனாத்தான் தம்பி இந்தப் புண்ணியவான் யாருன்னு படிக்க முடியுது" என்றீர்கள். நன்கொடை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுவரை அந்த மாதிரிப் பெயிண்டுதான்.

கட்டட வேலைக்கு என்னை முன்னால் நிறுத்தியபோது காரணம் எனக்குத் தெரியும். டைல்ஸ், கிரானைட் வியாபாரி; பொருள் மலிவாக வரும். பக்தி அப்புறம். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கி மேலே வந்தவனுக்கு அதில் வருத்தமும் இல்லை. வரைபடத்தைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் விரித்தேன். முன்னால் பெரிய ஹால், கண்ணாடி வைத்த கவுண்டர், பன்னிரண்டு நாற்காலி. நீங்கள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தீர்கள்.

"பேங்க் மாதிரி இருக்குது தம்பி."

நான் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் பென்சிலை எடுத்து, வடக்கு மூலையில் எட்டுக்கு எட்டு ஒரு கட்டம் போட்டீர்கள். மேசை வேண்டாம், இரண்டு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு கதவு, இவ்வளவுதான் என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னீர்கள்.

முதல் ஷிப்ட் விட்டு, கம்பெனிச் சீருடையோடு வந்தவள். புதுமுகம். அரைமணி நேரம் நின்றாள். முன்னால் இருந்த நாலு பேரும் வேலை முடிந்த பிறகும் போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்ததும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நீங்கள் சொன்னீர்கள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் உங்களுக்கு உறைத்திருக்கிறது. பேனாவை மூடாமல், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை ஓடியிருக்கிறீர்கள். ராயக்கோட்டை பஸ் போய்விட்டது. அவள் பிறகு எந்த ஞாயிறும் வரவில்லை.

"கேட்டுல ஒரு அடி உயரத்துக்கு நேரம் எழுதியிருக்குது. அதைத் தாண்டித்தான் உள்ள வந்துச்சு. அது கேக்க வந்தது நேரமில்ல, தம்பி."

நான் வியாபாரி. மனசு இளகினாலும் சும்மா ஒப்புக்கொள்ள வாய் வராது. சாத்தின கதவுக்குள் ஆயரோ நீங்களோ ஒருவரோடு பேசினால் வெளியே நாலு பேர் பேசுவார்களே என்றேன். இப்போது மட்டும் பேசவில்லையா என்று கேட்டீர்கள். எனக்கும் ஒரு தலைவலி இருந்தது. வேலை முடிகிற அன்று நன்றிப் பட்டியல் வாசிப்பது நம் சபை வழக்கம். அதில் ஒரு பேர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் அசன விருந்துக்கு நிற்காது. சுற்றுச்சுவர் கட்டினபோது கேட்டுக்குக் கொண்டி வாங்கிக் கொடுத்தவரை மறந்துவிட்டோம். மூன்று வருஷம் மனுஷன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து போனார். அதனால் சொன்னேன்: பட்டியலை நீங்கள் எழுதுங்கள், ஒரு பேரும் விடக்கூடாது, கதவை நான் போடுகிறேன். நீங்கள் கையை நீட்டினீர்கள். மாட்டுச்சந்தையில் கைக்கு மேலே போடுகிற துண்டு ஒன்றுதான் குறை.

அக்கா, அந்தப் பேச்சை நான் காப்பாற்றவில்லை. சுவர் எழும்பியபோது, அந்த மூலை அறை ஹாலின் வெளிச்சத்தை மறைக்கிறது என்று கமிட்டியில் சொன்னார்கள். கதவு திறக்கிற இடத்தில் ஒரு பீரோ வைக்கலாம் என்றார்கள். எனக்கும் வேலை சுருங்கினது வசதியாகப் போயிற்று. ஒரு பக்கச் சுவரை விட்டுவிட்டு அகலமான வளைவு வைத்து முடித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில். நான் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தேன். "கதவு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"ஆச்சுக்கா. மரம் சொல்லியாச்சு" என்றேன்.

எந்த மரமும் சொல்லவில்லை. கடையில் நாங்கள் தினமும் சொல்வோம், சரக்கு வண்டியில் வந்துகொண்டிருக்கிறது என்று. அது அப்போது குடோனைவிட்டே கிளம்பியிருக்காது. அந்த ஜாதிப் பொய். உங்கள் முகம் தெளிந்தது. அப்படியென்றால் நானும் பட்டியலை முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தலையணைக்கு அடியில் எதையோ தேடினீர்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்ட மூன்றாம் வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மேசையைப் புது ஹாலுக்கு மாற்றின அன்று, உங்கள் மகள் கொடுத்தாள் என்று ஒரு கோடு போடாத நோட்டை ஆயர் என் கையில் கொடுத்தார். பணம் கொடுத்தவர்கள் பேர் அதில் ஒன்றுகூட இல்லை. "அவங்க பேரு கல்வெட்டுல வரும்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். பிறகு ஒவ்வொரு பேருக்கும் நேராக ஒரு காரணம். மேஸ்திரிக்கு: சவ அடக்கம் வந்த நாளெல்லாம் சொல்லாமலே வேலையை நிறுத்தி, ஆட்களைக் குல்லாயைக் கழற்றச் சொன்னவர். எதிரே பைப் கடை வைத்திருக்கும் பாய்க்கு: மழை நாளில் நம் சிமெண்டு மூட்டையை உள்ளே ஏற்றிவிட்டுத் தன் பைப்பை வெளியே போட்டவர். பக்கத்து வீட்டம்மாவுக்கு: ஆறு மாதம் தூசி தின்றவர், கைக்குழந்தை தூங்குகிற நேரம் மட்டும் கல் அறுக்க வேண்டாம் என்று கேட்டவர். வடக்கேயிருந்து வந்து சுவருக்குத் தண்ணீர் விட்ட இரண்டு பேருக்கு, அவர்கள் ஊர்ப் பேரோடு. இப்படி இருபத்தொன்பது பேர். கடைசியில் என் பேர்.

"இவர் ஒரு வருஷம் ஆகஸ்டு மாசம் காலண்டர் கேட்டு வந்தார். கதவு போட ஒத்துக்கொண்டார்."

நோட்டை மூடிவிட்டு, பிரிக்காமல் கிடந்த டைல்ஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்தொன்பது வருஷம், அக்கா. நீங்கள் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போன வருஷம் அது. தப்பு என்னுடையது. அதை யாரிடமாவது சொன்னால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும் என்று வந்தேன். ஸ்டூலில் ஒருவர், நாற்காலியில் ஒருவர், அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். காலண்டர் இருக்கிறதா என்று கேட்டேன். முக்கால் வருஷம் போயிருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. பீரோவுக்கு மேலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். அவள் திரும்பி வந்தது அவளுடைய பெருந்தன்மை. அதற்கு இடையில் நாலு மாதம் வாயைத் திறக்காமல் நான் பட்டது வேண்டாத பாடு.

அடுத்த கமிட்டியில் வளைவை அடைத்துக் கதவு வைக்க வேண்டும் என்றேன். முடிந்த வேலையை யாராவது இடிப்பார்களா என்றார்கள். சாத்தின கதவு வீண்பேச்சுக்கு வழி என்றார் பெரியவர் ஒருவர். கம்பெனியில் ரிட்டையர் ஆனவர், பொருளாளராக இருந்தவர், உங்களுக்குத் தெரியும். வெளிச்சம், காற்று, செலவு என்று எதைச் சொன்னாலும் அவரிடம் பதில் இருந்தது. கடைசியில் காலண்டர் கதையைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து. எழுதி வைக்காமல் நான் பேசிய ஒரே கூட்டம் அது. பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஸ்டூல்ல இருந்தது நான்தான?"

"ஆமாங்கண்ணா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேனே."

"அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்குத்தான் இடமில்லீங்கண்ணா."

அவர்தான் பிறகு வழியும் சொன்னார். கதவின் மேல்பாகத்தில் ஒரு அடிக்குக் கண்ணாடி. உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பது தெரியும், பேச்சு கேட்காது. யாருக்கும் அதற்குமேல் மறுப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டியலை நான்தான் வாசித்தேன். நீங்கள் எழுதின காரணங்களோடு, ஒரு எழுத்து மாற்றாமல். நான் தமிழில் வாசித்ததை மேஸ்திரி பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு தலையைக் குனிந்தார். பாய் கடைசி வரிசையில் இருந்தார். விருந்தில் என்னைப் பிடித்து, "மூட்டை வெச்சதுக்கு வாடகை கேக்கலாம்னு இருந்தேன். மைக்கு போட்டுச் சொல்லிட்டீங்க, இனி எங்க கேக்கறது" என்றார். கொண்டிக்காரரும் இருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

என் பேரையும் உள்ளபடி வாசித்தேன். போட ஒத்துக்கொண்டார் என்பதற்குப் பிறகு, தாமதமாகப் போட்டார் என்று நானே சேர்த்துக்கொண்டேன். நோட்டில் அதற்குமேல் ஒன்றுமில்லை. அந்த இடத்தில், மைக்குக்கு முன்னால்தான் பார்த்தேன்: உங்கள் பேர் இல்லை. ஒரு பேரும் விடமாட்டேன் என்று கைகொடுத்தவர் விட்ட ஒரே பேர். உங்கள் பேரைச் சொன்னேன். காரணம் என்று ஒன்று சொல்ல வேண்டுமே. "ஆகஸ்டு மாசம் சிரிக்காமல் காலண்டர் கொடுத்தவர்" என்றேன். சபையில் பாதிப் பேருக்கு அது புரிந்திருக்காது. மூன்றாம் வரிசையில் என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் நான் அதுவரை அதைச் சொன்னதில்லை.

புதிதாக வந்திருக்கும் கிளார்க்குப் பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். போர்டில் எழுதியிருப்பதை யாராவது உள்ளே வந்து கேட்டால், பதில் சொல்லாதே. இந்தக் கதவைத் திற. நேற்று அப்படி ஒருவர் வந்தார். நடுவயது, கையில் டிபன் பை. ஆராதனை எத்தனை மணிக்கு என்றார். ஒரு டைல்ஸ் தட்டினால் அடியில் காலியாக இருப்பதுபோல் சத்தம் வருகிறது என்று பார்க்க வந்திருந்த நான்தான் எழுந்துபோய்த் திறந்தேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் நான். ஆயரைக் கூப்பிட்டுவிட்டு வெளியே வந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வெளியே கேட்கவில்லை.

தச்சர் இருபத்திரண்டாயிரம் கேட்டார். உங்களை நினைத்துப் பேரம் பேசாமல் கொடுத்தேன் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தேன். வேங்கை மரம். கண்ணாடி அதில் சேர்த்தி. வருஷம் ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வார்னிஷ் அவர் பொறுப்பு. தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். வெளியே பூட்டு இல்லை. சாவி என்று யாரிடமும் எதுவும் இல்லை.