வெட்டிய படத்தில் மிஞ்சிய கை

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அவர் முழங்கால் வலிகூடத் தணிந்திருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாமல் நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் தொணதொணக்கிறவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. என் போன் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. அப்பா போனில் பேசலாம்தான், ஆனால் பாதியிலேயே நான் அழுதுவிடுவேன், நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பி வருகிறேன் என்பாய். அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் தம்பிக்கு இரண்டு கோர்ட்டில் இரண்டு வழக்கு என்பது உனக்குத் தெரியும். ஒன்று அவனும் அவன் பெண்டாட்டியும் பிரிவதற்கு. நம் பேரப்பிள்ளை சுண்டெலி யாரிடம் வளர்வது என்று முடிவாகும் வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும், கோர்ட்டில் ஒதுக்கிய அறையில், ஒரு அலுவலர் முன்னால்தான் இவன் பிள்ளையைப் பார்க்கலாம், வேறு எங்கும் எப்போதும் கூடாது என்று உத்தரவு. இன்னொன்று மருமகளின் அண்ணன் கொடுத்த புகார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவனுடைய டயர் கடைக்குள் புகுந்து உன் தம்பி இரும்புக் கம்பியால் மண்டையை உடைத்துவிட்டானாம். மண்டை உடைந்தது உண்மை, தையலை நானே பார்த்தேன். உடைத்தது யாரோ, இவன் இல்லை. அந்தச் சாயங்காலம் முழுக்க இவன் நம் வீட்டுக் கூடத்தில் சுண்டெலிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். தலையில் சூயிங்கத்தை ஒட்டிக்கொண்டு, தன் அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று அது ஊரைக் கூட்டியதில், மருமகளே அண்ணனுக்குத் தெரியாமல் கூட்டி வந்துவிட்டாள். அந்தக் கூத்தைத்தான் படம் எடுத்து அன்றைக்கே உனக்கு அனுப்பினேன், நீகூட விழுந்து விழுந்து சிரித்தாயே.

இப்போது எனக்குத் தலை கால் புரியவில்லையடி. மண்டை உடைந்த வழக்கைப் பார்க்கிற வக்கீல், அப்பா அவருக்கு இருமல் வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறார், "பையன் வீட்லதான் இருந்தான்னு காட்ட ஒரு துரும்பு கிடைச்சாலும் கொண்டாங்கம்மா" என்கிறார். குடும்பக் கோர்ட் வக்கீலம்மாவோ, "அந்தப் படம் வெளியே வந்தா உத்தரவை மீறிட்டாருன்னு பிள்ளையைப் பார்க்கிறதும் போயிடும், கண்ணுலயே காட்டாதீங்க" என்கிறார். ஒரே பிள்ளை, ஒரே சாயங்காலம், ஒரே படம். தெருவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கட்டிடத்தில் அது காப்பாற்றுகிறது, அந்தப் பக்கம் இருக்கிற கட்டிடத்தில் கழுத்தைப் பிடிக்கிறது. உண்மை என்றால் இரண்டு பக்கமும் உண்மைதானே என்று கேட்டேன், இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அப்பா நீ சும்மா இரு என்றார். நான் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறேன்? கறை பட்ட துணியில் கறையை ஒதுக்கிச் சட்டை வெட்டிப் பழகிய கை இது. போனிலேயே படத்தை இரண்டு பக்கமும் வெட்டினேன். உன் தம்பியும் கத்திரியும் சுவர்க் கடிகாரமும் மட்டும் இருக்கும்படி விட்டு, மிச்சத்தால் வம்பு வேண்டாம் என்று முழுப் படத்தையும் உனக்கு அனுப்பிய செய்தியையும் என் போனிலிருந்து அழித்தும் விட்டேன். இரண்டு வக்கீலுக்கும் நல்லது செய்துவிட்டதாக எனக்கு அப்படி ஒரு பெருமை.

கோர்ட்டில் அதைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். கீழ் ஓரத்தில், உன் தம்பியின் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு குட்டிக் கை. நான் பார்க்கவே இல்லையடி. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது யாரோட கைம்மா?" என்று கேட்டார். சொன்னால் பிள்ளையைப் பார்ப்பது போய்விடும், பொய் சொல்லலாம் என்றால் உண்மையே பேசுவேன் என்று அப்போதுதான் சொல்லிவிட்டுக் கூண்டில் நிற்கிறேன். திருதிருவென்று விழித்து, "பார்த்துச் சொல்றேனுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. வெட்டிய படத்தை நம்ப முடியாது, அசல் வேண்டும் என்று போனை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். உன் தம்பி முகத்தில் ஈயாடவில்லை. இருமல் வக்கீலுக்கு இருமலே நின்றுவிட்டது. அழித்தது திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாமாம்.

வெளியே தண்ணீர்க் குழாய் பக்கம் மருமகள் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "அத்தை, அந்தப் படத்துல கதவுகிட்ட நானும் நின்னேனே, என்னையும் வெட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "முழுசா யார்கிட்டயாவது இருந்தா குடுத்துடுங்க, நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு ரெண்டு இடத்துலயும் சொல்றேன், அண்ணன் வீட்டை விட்டுப் போகச் சொன்னா பார்த்துக்கலாம்" என்றாள். என் பிள்ளை வேண்டாம் என்று வழக்குப் போட்டவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "அவரோட வாழ முடியலைங்கறது வேற, செய்யாததுக்கு அவர் ஜெயிலுக்குப் போறது வேற அத்தை" என்றாள். இது மனசிலிருந்து வந்ததா, அண்ணன் சொல்லிக் கொடுத்து வந்ததா? இரண்டு பேருமே உத்தரவை மீறியவர்கள் என்று குழந்தையை வேறு எங்காவது விட்டுவிடுவார்களா? வக்கீலம்மாவைக் கேட்டால், "அவங்களே வந்து சொன்னா நல்லதுதான், ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நேரம் முடிந்ததும் சுண்டெலி தன் அப்பா சட்டையை விடவே இல்லை. அலுவலர்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.

அந்தப் படம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. உனக்கு வந்து சேர்ந்த தேதியும் நேரமும் உன் போனில் தெரியும், அதைக் காட்டிக் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார் இருமல் வக்கீல். அனுப்பாதே என்று ஒரு மனசு, அனுப்பு என்று ஒரு மனசு. எது சரி என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறைக்கிறேன் பேர்வழி என்று நான் செய்த காரியத்தால்தான் என் பிள்ளை இன்று பொய்யனாக நிற்கிறான். அனுப்பிவிடு.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே, படத்தை இருக்கிறபடியே அனுப்பு, ஓரம் அழகாக இல்லை என்று ஒரு நூலளவுகூட நறுக்காதே. அந்த ஓரத்தில்தான் அவள், கையில் குழந்தையின் பையோடு, இவன் முடி வெட்டும் அழகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

உன் வரவுக்கு ஏங்கும்
அம்மா