கூலாய்க் கம்பி அடங்கினால்

அன்புள்ள அண்ணே,

இன்று மத்தியானம் கூலாய்க் கம்பி திடீரென்று அடங்கிப்போனது. டக்டக்கென்று பேசிக்கொண்டிருந்த தந்திக் கருவி வாயை மூடியதும், என் கால்கள் என்னைக் கேட்காமலே பிளாட்பாரத்துக்குப் போய் நின்றன. இங்கே செனாய்க்கு மேலே வெயில் கொளுத்தியது. கூலாய் ஸ்டேஷனில் உங்கள் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பங்குனி, சித்திரை வந்தால் ஜொகூரில் மத்தியான வானத்தை நம்ப முடியாது. சிங்கப்பூரிலிருந்து வரும் வானிலைக் குறிப்போ நாடு முழுவதற்கும் ஒரே வரிதான் சொல்லும்: பல இடங்களில் இடி மழை பெய்யலாம். "பெர்லிஸ்லேர்ந்து ஜொகூர் வரைக்கும் ஒரே குடையா தம்பி? நான் துணி காயப்போடலாமா வேணாமான்னு அதுல எங்க இருக்கு?" என்று சிரிப்பீர்கள். நமக்கென்று தனிக் குறிப்பு இருந்தது. மின்னல் நெருங்கினால் கருவியைக் கழற்றிக் கம்பியை மண்ணோடு இணைத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே கூலாய் அடங்கினால் மழை அங்கே வந்துவிட்டது, அடுத்தது செனாய். நான் சொல்லியனுப்பினால் ரப்பர்த் தோட்டத்தில் பாலைச் சீக்கிரமே தூக்கிவிடுவார்கள்.

ஒரே சிக்கல், உங்கள் வயிறு. சாப்பிடப் போகும்போதும், எதற்கு வம்பு என்று கம்பியை மண்ணில் இணைத்துவிட்டுத்தான் போவீர்கள். ஒருமுறை அதை மழை என்று நம்பித் தோட்டத்தையே கலக்கிவிட்டேன். ஒரு சொட்டு விழவில்லை. "என்னா தந்திக்காரரே, கூலாய்ல இன்னைக்கு மழையா, மீன் கொழம்பா?" என்று கங்காணி பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கம்பி அடங்கினால் அசையாமல் இருக்கப் பழகினேன்.

அந்தப் பங்குனி உத்திரத்தன்று, நீங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் என் மனைவி முழுகாமல் இருந்தாள். பால்குடம் எடுப்பதாக நேர்த்திக்கடன். பித்தளைக் குடங்களும் வேல்களுமாக ஊர்வலம், மரம் வெட்டிய மொட்டை வெளியைக் கடந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும். காலையிலேயே அதை உங்களுக்குத் தட்டிச் சொல்லியிருந்தேன். ஊர்வலம் ஸ்டேஷனைத் தாண்டும் நேரத்தில் கம்பி அடங்கியது. அண்ணன் சாப்பிடப் போய்விட்டார் என்று உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் கருவி மறுபடி பேசியது. ஆங்கில எழுத்தில் நம் தமிழ்.

"இன்னைக்கு பெரிய வெள்ளி. சோறு இல்ல. இடி. தங்கச்சிய நிறு"

அத்தோடு நின்றது.

பெரிய வெள்ளிக்கிழமை நீங்கள் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்கள். உத்திரப் பரபரப்பில் எனக்கு அது எங்கே நினைவிருந்தது? சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ரயிலத்தான் நிறுத்துவீங்க, இப்ப சாமியையுமா?" என்று பூசாரி சத்தம் போட்டார். எல்லாரையும் சரக்குக் கொட்டகைக்குள் தள்ளினேன். அந்த மொட்டை வெளியில் நின்ற ஒற்றை மரம் இடி விழுந்து இரண்டாகப் பிளந்தபோது, என் மனைவி குடத்தை இறக்காமலே சுவரோரம் நின்றாள்.

மறுநாள் முதல் ரயிலில் கூலாய்க்கு வந்தேன். உங்கள் வலது கையில் பெரிய கட்டு. கழற்றிய கருவியை எனக்காக மறுபடி மாட்டியிருக்கிறீர்கள்; மின்னல் கம்பி வழியே வந்து கையைச் சுட்டிருக்கிறது.

"ஏண்ணே, சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"சும்மா இருந்தா நீங்க சோறுன்னுதானே நெனைப்பீங்க."

அழுதுவிட்டேன். அந்தக் கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. இடது கையால் தட்டப் பழகினீர்கள். எழுத்துக்கு எழுத்து நின்று நின்று வரும் அந்தத் தட்டலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். போன மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதோடு அது நின்றுபோனது. உங்கள் அளவுக்கு யாரும் என்னைப் புரிந்துவைத்திருந்ததில்லை, அண்ணே.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்று மத்தியானம் நான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது வானத்தை. அடுத்தது அவள் வரும் வழியை. திரும்பி வந்தபோது கருவி பேசிக்கொண்டிருந்தது. கூலாய்ப் புதுக் கிளார்க் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். கங்காணி கேலி செய்யட்டும். உங்கள் கம்பி அடங்கினால் சோறு என்று நினைத்து நான் இனி ஒருநாளும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.